இட்லி மாவில் கரைந்த மாத்திரைகள்

கிருபை வீட்டில் மருந்து என்றால் அது ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். அவள் கணவர் செல்வராஜின் இன்சுலின், யாரோ எப்போதோ பாதி விட்ட கண் சொட்டு, இருமல் மருந்து, தலைவலித் தைலம் எல்லாம் முட்டைகளுக்குக் கீழே ஒரே தட்டில் நடுங்கிக்கொண்டிருக்கும். மலேசியாவின் கிள்ளானிலிருந்து நான் கொண்டுவந்த மாத்திரைகள் சாப்பாட்டு மேசையில் வெயிலில் கிடப்பதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. என்னிடம் சொல்லாமல் அவற்றையும் அந்தத் தட்டில் சேர்த்துவிட்டாள்.

புதன்கிழமை, பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. மேல் தட்டில் கல்யாண வீட்டு மாவு இருந்தது. இரண்டு அண்டா. எட்டு மணி நேரம் தாம்பரத்து உஷ்ணம் உள்ளே புக, மாவு எழுந்தது, மூடியைத் தள்ளியது, கம்பித் தட்டு வழியாக இறங்கி முட்டைகளை நலம் விசாரித்துவிட்டு மருந்துத் தட்டில் வந்து உட்கார்ந்தது. கிள்ளானில் எனக்கு மாத்திரைகளை உதிரியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருவார்கள். உறையின் வாயை முழுதாக அழுத்தி மூடும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்து ஃப்ரிட்ஜில் விளக்கு எரிந்தபோது, என் மாத்திரைகள் ஊத்தப்பத்தில் வெங்காயம் போலக் கரைந்தும் கரையாமலும் மிதந்தன.

"எடுத்துக் கழுவிடலாமா?" என்றாள் கிருபை.

அவளுக்கு எல்லாவற்றையும் கழுவிவிடலாம் என்று நம்பிக்கை.

எனக்கு இருப்பது தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் நோய். மயஸ்தீனியா என்று பெயர். காவியத்தில் வரும் இளவரசி மாதிரி இருக்கும். நரம்பு சொல்வதைத் தசை காதில் வாங்கிக்கொள்ளாது. மாத்திரை போட்டால் முக்கால் மணி நேரத்தில் வாங்கிக்கொள்ளும். மூன்று நான்கு மணி நேரத்தில் மறுபடி செவிடாகிவிடும். மாத்திரை இல்லையென்றால் முதலில் இடது இமை இறங்கும். பிறகு ஒன்று இரண்டாகத் தெரியும். பிறகு தாடை மெல்ல மறுக்கும். கடைசியில் பேச்சு மூக்கு வழியாகக் கிளம்பி நாக்கில் வழுக்கி விழும்.

நான் வந்ததோ பேசுவதற்கு. செல்வராஜ் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த ஏழு வருடமும் இவர்கள் எங்கள் பக்கத்து வீடு. மகள் பிரிசில்லா அங்கே பிறந்தவள். சனிக்கிழமை மாலை அவளுடைய கல்யாண வரவேற்பில் வாழ்த்து மடல் எழுதி வாசிக்க வேண்டும். எழுதி முடித்தாகிவிட்டது, ஆறு பக்கம். வாசிக்க வாய் வேண்டுமே. கைப்பையின் சின்ன டப்பாவில் நான்கு மாத்திரைகள் மிச்சம் இருந்தன. ஒரு நாளைக்கு எனக்கு நான்கு. வியாழனுக்கு இரண்டு, வெள்ளிக்கு இரண்டு என்று பிரித்தேன். சனிக்கு இல்லை.

வியாழன் காலை மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் போனோம். எங்கள் ஊர் மருந்தகத்தில் எண் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், எண்ணை மட்டும் கூப்பிடுவார்கள். உங்கள் வியாதி உங்களோடு. இங்கே கடை தெருவைப் பார்த்து வாயைத் திறந்திருக்கிறது. நான்கு பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டுகிறார்கள். ஒவ்வொருவர் வியாதியும் மற்ற மூன்று பேருக்கும் தெரிந்துவிடுகிறது. வெட்கப்படுவார் யாருமில்லை. ஒருத்தருடைய மூலத்துக்கு இன்னொருத்தர் துத்திக்கீரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்லாவில் இருந்த பெண் மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"மாத்திரை பேரு?"

"பைரிடோஸ்டிக்மின்."

"அது உள்ள இருக்கற மருந்து மேடம். அட்டையில என்ன பேரு?"

"அட்டை இல்லங்க. மலேசியாவுல உதிரியா தருவாங்க."

துத்திக்கீரைக்காரர் திரும்பினார். "ஏம்மா, மலேசியாவுல மருந்து கிடைக்கலையா? இங்க வந்து தேடறீங்க?"

"அங்க இருக்கு சார். நான்தான் இங்க இருக்கேன்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடினார். மூன்று கம்பெனி பெயர்கள் வந்தன. மூன்றுக்கும் எதிரே பூஜ்யம். நான்கு பேருக்குப் போன் செய்தார். ஒவ்வொரு போனிலும் என் வியாதியை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். நான்காவது போனில் நான் கிட்டத்தட்ட ஸ்ட்ரெச்சரில் இருந்தேன்.

"சிட்டியிலயும் இல்ல மேடம். கம்பெனியிலேர்ந்தே சப்ளை இல்லையாம். திங்கக்கிழமை மூணு அட்டை தரோம்ங்கறாங்க. எழுதிக்கட்டுமா?"

"சனிக்கிழமை வேணுமே. ஞாயித்துக்கிழமை நான் பிளேன் ஏறணும்."

"மாத்திரைக்கு அது தெரியாது மேடம்," என்றார், மிகுந்த மரியாதையுடன். "எழுதி வெக்கறேன். இங்கத்த டாக்டர் சீட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. அது இல்லாம தர முடியாது."

சீட்டுக்காகச் சேலையூரில் ஒரு கிளினிக். டோக்கன் முப்பத்தொன்று. மதிய மாத்திரையைத் தள்ளிப் போட்டிருந்ததால் எனக்கு முப்பத்தொன்று இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படிப் பொத்தினால் உலகம் ஒன்றாகிவிடும். பக்கத்திலிருந்த அம்மாள், "கண் டாக்டர் மாடியில," என்று எழுப்பி அனுப்பப் பார்த்தார்.

டாக்டர் இளம்பெண். என் பழைய சீட்டைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "மேல பாருங்க. ஃபேனைப் பாருங்க. இறக்காதீங்க." இடது இமை மெல்ல, கடை ஷட்டர் மாதிரி இறங்கியது. "இப்ப ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க." முப்பத்திநாலில் என் குரல் மூக்குக்குக் குடிபோனது. "சிஸ்டர், இங்க வந்து பாருங்களேன், எனக்குப் பரீட்சையில வந்த கேஸ்," என்று நர்ஸையும் அழைத்தார். இரண்டு பேரும் ரசித்தார்கள். என் இமையை இப்படி யாரும் ரசித்துப் பல வருடமாகிறது.

சீட்டு எழுதித் தரும்போது மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இந்த மாத்திரை விட்டுப்போறது விளையாட்டில்ல ஆன்ட்டி. தண்ணி விழுங்க முடியலைன்னாலோ, மூச்சு வாங்கினாலோ, கடை கடையா அலையாதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். சரியா?"

வெளியே வந்து நான் மதிய மாத்திரையை விழுங்கினேன், கிருபை என்னை ஒரு டிபன் கடைக்கு இழுத்துப்போனாள். அரைப் பொங்கல் வாங்கிக் கொடுத்தாள், கூட வந்த வடையைத் தானே சாப்பிட்டாள். கிள்ளானில் என் தட்டிலிருந்து ஒரு பருக்கையைக்கூட எடுக்காதவள். என் வடையை அவள் மெல்லுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டை எல்லாம் நான் விழுங்குவது, மெல்லுவது என்றுதான் பிரித்து வைத்திருக்கிறேன். இட்லி, பொங்கல், தயிர்சாதம், ரசம் எல்லாம் என் கட்சி. முறுக்கும் பரோட்டாவும் ஆட்டுக்கறியும் மாத்திரை போட்ட முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கூட்டணி.

"நான் சும்மா இருந்திருக்கலாம் இல்ல?" என்றாள் கடைசியில்.

"உன் மாவும் சும்மா இருந்திருக்கலாம்," என்றேன். மாத்திரை இன்னும் வேலை செய்யாததால் அது 'உன் மாமாவும்' என்பதுபோலக் கேட்டிருக்க வேண்டும். அவள் செல்வராஜை நினைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

வெள்ளிக்கிழமை மின்சார ரயில். நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பெண்ணின் அம்மா ஊர் சுற்றலாமா என்று செல்வராஜ் கேட்டதற்கு, பம்மலில் இரண்டு வீட்டுக்கு இன்னும் பத்திரிகை வைக்கவில்லை என்று கிருபை ஒரு கட்டுப் பத்திரிகையைக் கையில் எடுத்துவிட்டாள். தாம்பரத்தை விட்டதும் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். நோயாளிகளின் பெயரில் ஒரு ரயில் நிலையமே வைத்திருக்கிற ஊரில் எனக்கு ஓர் அட்டை மாத்திரை இல்லை. குரோம்பேட்டையில் இறங்கி மூன்று கடை, இல்லை. பல்லாவரத்தில் இறங்கினோம்.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை. அங்கே இல்லாதது இல்லை என்று கிருபை சொன்னது உண்மை. பழைய கம்ப்யூட்டர், ரோஜாப் பதியம், கருவாடு, ஒற்றைச் செருப்பு, ஓடாத கடிகாரம், ஓடும் நாய்க்குட்டி. இவை அத்தனையும் எனக்கு இரண்டு இரண்டாகத் தெரிந்தன. ஒரு கிளிக்கூண்டில் இருந்த நான்கு கிளிகளை எட்டாக எண்ணிவிட்டு, மொத்தமாக வாங்கினால் குறைப்பாரா என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், கிருபையைப் பார்த்தார். "வெயிலு ஏறிடுச்சு, அக்காவ நெயலுக்கு இட்டுனு போம்மா," என்றார்.

சந்தையை ஒட்டி ஒரு மெடிக்கல் ஷாப். அங்கேயும் இல்லை. திரும்பும்போது, கல்லா ஓரம் பெரிய பையோடு சாய்ந்து நின்று ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். மொத்த வியாபாரியிடமிருந்து கடை கடையாக மருந்து போடுகிற ஆள். இந்தப் பக்கத்தில் எந்தக் கடையில் எந்த மாத்திரை தூங்குகிறது என்பது இவர்களுக்கு மனப்பாடம்.

"அத்த நான் ஒரே ஒரு கடைக்குத்தான் போடறேன். பம்மல்ல பாய் கடை. அதுவும் ஒரே ஒரு ஆளுக்கோசரம் வாங்கறாரு. போய்க் கேட்டுப் பாருங்கோ. குடுக்கமாட்டாரு. ஆனா கேளுங்கோ."

கிருபை அவருக்கு ஒரு பத்திரிகை கொடுத்தாள்.

ஷேர் ஆட்டோ. இரண்டு ஆட்டோ நின்றன. இல்லாத ஆட்டோவில் நான் காலை வைத்துச் சாலையில் உட்கார்ந்தேன். தூக்கிவிட்டார்கள். உள்ளே ஏற்கெனவே ஆறு பேர், மடியில் ஒரு மீன் கூடை. கண்ணைப் பொத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் ஆட்டோவே மருத்துவமனையாகிவிட்டது. "தூசியா?" "பூச்சியா?" "இமைல சுளுக்கு வந்தாக்கா வெத்தலை வாட்டி வெக்கணும்." "தாய்ப்பால் ரெண்டு சொட்டு வுட்டா தெளிஞ்சிரும்." மீன்காரம்மா கூடையிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து, முந்தானையில் துடைத்து, என் கையில் வைத்தார். "கண்ணு மேல வெச்சிக்க. எங்க தெருவுல ஒரு ஆளு இப்டிதான் வெச்சிகினு குந்தியிருப்பாரு." வைத்தேன். வஞ்சிர வாசனையோடு இமை அரை அங்குலம் எழுந்தது. டாக்டர்கள் தெரிந்து வைத்திருக்கிற சங்கதிதான். ஆனால் ஆட்டோவில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

பாய் கடை பம்மலில் ஒரு சந்து திரும்புகிற முனையில் இருந்தது. காதர் பாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சீட்டை வாங்கி, தள்ளிப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, படித்தார்.

"இருக்கும்மா," என்றார். என் உயிர் திரும்பியது. "ஆனா இல்ல," என்றார்.

குனிந்து அலமாரியின் அடியிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்தார். மூடியில் மார்க்கரில் 'ஏகாம்பரம்' என்று எழுதியிருந்தது. உள்ளே இரண்டு அட்டை, பத்துப் பத்தாக இருபது மாத்திரை. அவர் கடையில் இப்படி ஏழெட்டு டப்பா இருந்தது. ஊரில் ஒருத்தருக்கு மட்டும் வேண்டிய மருந்து, ஆள் பெயர் எழுதின டப்பா. கிடைக்காத காலம் வரும் என்று முன்னாலேயே வாங்கி வைப்பாராம். எங்கள் ஊரில் நூலகத்தில்கூட எனக்கென்று ஒரு புத்தகத்தை இப்படி எடுத்து வைத்ததில்லை.

"காசுதான் குடுக்கறோமே பாய்? கடைதானே இது?" என்றாள் கிருபை.

"கடைதாம்மா. இந்த டப்பா கடை இல்ல. இது அவருது. வாங்கி நான் வெச்சிருக்கேன், அவ்ளோதான்."

"ஒரு அட்டை எடுத்தா அவருக்குத் தெரியவா போகுது?"

"அவருக்குத் தெரியாது," என்று ஒத்துக்கொண்டார் பாய். "எனக்குத் தெரியுமே. புதன்கிழமைதான் எனக்கு அடுத்தது வரும். அதுவும் சொல்ற கணக்குதான்." யோசித்தார். "கேட்டுப் பாக்கறேன். அவரு சரின்னா சரி." போனை எடுத்தார். "நைனா, உன் வியாதிக்காரங்க ஒருத்தங்க வந்திருக்காங்க. ஆமா, அதேதான். மலேசியாவாம். இல்ல, விளையாடல."

ஏகாம்பரம் பத்து நிமிடத்தில் வந்தார். தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்ந்தவர். மடித்துக் கட்டிய லுங்கி, நரைத்த மீசை, பெரிய கை. நான் பார்த்தது அவருடைய இமையை. வலது இமை பாதிக்கு இறங்கியிருந்தது. அவர் என் இடது இமையைப் பார்த்தார்.

"உனுக்கு லெஃப்டா?" என்றார்.

"ஆமாண்ணா. உங்களுக்கு ரைட்டு."

"யாரு கண்டா. பல பேரு வர்றாங்கோ, கதை வுடறாங்கோ." அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. "மேல பாரு. ஃபேனைப் பாரு."

பார்த்தேன். அவரும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்காக, பார்த்தார். கடையில் நின்ற இரண்டு பேர், என்னவோ என்று மேலே பார்த்தார்கள். சந்தில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பாய் தன் ஃபேனுக்கு என்ன ஆனது என்று எட்டிப் பார்த்தார். கிருபை கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் செய்தாள் என்று நினைக்கிறேன். சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பழைய ஃபேனுக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன் கூடியிருக்காது. முதலில் என் இடது ஷட்டர் இறங்கியது. சற்றுப் பொறுத்து அவருடைய வலது.

"நெசந்தான்யா," என்றார் ஏகாம்பரம். அவர் குரல் மாறியிருந்தது. "பதினோரு வருசமா சொல்றேன், வூட்டுல ஒருத்தரும் நம்பல. தூங்குமூஞ்சிங்கறாங்கோ. இதே மாறி இன்னோரு ஆளு கீதுன்னு தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு. பாய், பாத்தியா? நானு மட்டும் இல்ல."

"பாத்தேன் நைனா."

"இன்னா வேணும் உனுக்கு?"

சொன்னேன். சனிக்கிழமை, வாழ்த்து மடல், ஞாயிறு விமானம், தாம்பரம் கடையில் திங்களன்று வரும் அட்டை, மாவு. மாவு என்று கேட்டதும் கிருபையை ஒரு பார்வை பார்த்தார். அவள் மெதுவாக ஒரு பத்திரிகையை நீட்டினாள்.

டப்பாவைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அண்ணா, உங்களுக்கு?"

"நான் ஒரு நாளைக்கு மூணு போடறேன். ரெண்டாக்கிக்கறேன். வாய மூடிகினு வூட்டுல குந்திகினா ரெண்டு போதும். என் பொண்டாட்டிக்கும் நிம்மதி."

அதற்குள் பாய் கணக்குப் போட்டுவிட்டார். தாம்பரம் கடையில் என் பெயரில் திங்களன்று வரவிருக்கும் மூன்று அட்டையைப் பற்றிக் கேட்டார். அந்தக் கடைக்குப் போன் செய்தார். அது வந்தால் ஏகாம்பரத்துக்கு என்று பேசி மாற்றிவிட்டார். வரும் என்பதும் சொல்கிற கணக்குதான். ஆனாலும் அந்த மூன்று நான்கு நாளும் ஏகாம்பரம் குறைத்துத்தான் போட வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சீட்டில் பாய் முத்திரை வைத்துப் பில் போட்டார்.

"இப்பவே ஒண்ணு போடு," என்றார் ஏகாம்பரம். தானும் ஒன்று போட்டுக்கொண்டார். "முக்கா மணி நேரம். அப்பால வா, ஒரு சமாச்சாரம் கீது."

சமாச்சாரம் எதிரே இருந்த பரோட்டா கடை. முக்கால் மணி நேரம் டீ குடித்தோம். ஊரில் எனக்கு மாத்திரையைப் பற்றிப் பேச டாக்டர்தான் உண்டு. பரோட்டாவைப் பற்றிப் பேச அவருக்கு நேரமில்லை. இவர் கேட்டதெல்லாம் அதுதான். உங்க ஊர்ல பரோட்டா எப்படி? மெல்ல முடியுமா? ரொட்டி சானாய் என்று ஒன்று இருக்கிறது, மெல்லிசு, பருப்புக் குழம்பில் ஊறவைத்தால் பல்லே வேண்டாம் என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். சிரித்தால் உறுமுவது மாதிரி ஆகிவிடுமா என்று கேட்டார். ஆகும் என்றேன். "என் பேத்தி அயுதுடிச்சு," என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "வந்துடிச்சு. மெல்லு. சீக்கிரம் மெல்லு."

சால்னாவில் பிய்த்துப் போட்ட பரோட்டாவை நாங்கள் இரண்டு பேரும், பேச்சைச் சேமித்துக்கொண்டு, ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி மென்றோம். ஒரு தட்டு பரோட்டா எனக்கு ஒன்றாகவே தெரிந்தது. மேசை ஒன்று. ஏகாம்பரம் ஒருத்தர். பம்மல் ஒன்று.

கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றாள் கிருபை.

"கல்யாணம்னா சிரிக்கணும், பேசணும், பிரியாணி மெல்லணும். அது நாலு மாத்திரை வேலைம்மா," என்றார். "நீங்க நடத்துங்கோ."

சனிக்கிழமை. ஊரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி மண்டபம். வரவேற்பு ஆறரை என்று பத்திரிகையில் இருந்தது. நான் மலேசியக்காரி, பத்திரிகையை நம்பினேன். ஆறேகாலுக்கு மாத்திரையைப் போட்டேன். ஏழுக்கு என் தாடை தயார், நாக்கு தயார், இரண்டு இமையும் கடை திறந்துவிட்டன. மண்டபத்தில் பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. பெண் பியூட்டி பார்லரில், மாப்பிள்ளை பெருங்களத்தூர் சிக்னலில். ஏழரை. எட்டு. எனக்கு வாய்த்த வாய் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. பத்துக்கு முன்னால் இன்னொன்று போட்டால் வயிற்றைக் கலக்கிவிடும். ஐஸ்கிரீம் கப் ஒன்றை வாங்கிக் கண்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டேகாலுக்கு ஊர்வலம், பிறகு பாடல், பிறகு ஆரம்ப ஜெபம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். அடுத்து போதகரின் தேவ செய்தி. அதற்குப் பிறகு வாழ்த்து.

கோட் போட்டு மைக் பிடித்துக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. அவரிடம் போனேன்.

"சார், எனக்கு ஒம்போது மணி வரைக்கும்தான் வாய் இருக்கு. என்னை முதல்ல விட்டுடுங்க."

"எல்லாருக்கும் அப்படித்தான் மேடம்," என்றார். "போதகர் ஐயாவுக்கு மட்டும்தான் பத்து வரைக்கும்."

"மாத்திரை சார்." அட்டையை எடுத்துக் காட்டினேன். நான்கு மாத்திரை காலியான அட்டை, விளக்கொளியில் மின்னியது. அவர் அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மேடையில் ஏற்கெனவே வேதாகமத்தைத் திறந்து வைத்திருந்த போதகரைப் பார்த்தார். அவருடைய வாழ்க்கையின் பெரிய முடிவுகளில் அது ஒன்றாக இருந்திருக்கும். போதகர் காதில் போய் ஏதோ சொன்னார். போதகர் என் பக்கம் திரும்பி, மிக மெதுவாக, வேதாகமத்தை மூடினார்.

மேடை ஏறினேன். குரல் வந்தது. மூக்கு வழியாக அல்ல, வாய் வழியாக, முழுசாக. கிள்ளான் ஆற்றங்கரையில் ஒரு குழந்தை தட்டுத்தடுமாறி நடந்ததையும், அது இப்போது தன் பட்டுப்புடவைக் கொசுவம் தடுக்காமல் மேடையேறியதையும் சொன்னேன். பிரிசில்லா அழுதாள், அவள் கண்மை இறங்குவதை ஒரே கோடாகப் பார்க்க முடிந்தது. ஆறு பக்கம் முடிந்தது. குரல் முடியவில்லை. மூன்று நாளாகச் சேமித்து வைத்த குரல். ஏழாவது பக்கத்தைக் காற்றிலிருந்து எடுத்து வாசித்தேன். எட்டாவது பக்கத்தில் செல்வராஜ் நெளிந்தார். ஒன்பதாவதில் தாம்பரம் ரயில் நிலையம் வந்தது, கிளிகள் வந்தன. மாப்பிள்ளையின் சித்தப்பா கோட் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். சாப்பாட்டுக் கூடத்துக் கதவு திறந்து பிரியாணி வாசனை வந்ததும் முன்வரிசை முழுவதும் என்னைக் கைதட்டி இறக்கியது.

கிருபை பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்பதரை. அவள் கண் சிவந்திருந்தது, அழுதும் சிரித்தும். என் இலையில் பிரியாணி புகைந்தது. ஒரு துண்டு கறியை வாயில் வைத்தேன். தாடை இரண்டு தரம் அசைந்து, மூன்றாவதற்கு மாட்டேன் என்றது.

அவள் குனிந்து என் காதில் சொன்னாள்: "அந்தப் பம்மல் அண்ணன் ஒரு மாத்திரை குறைச்சுக் குடுத்திருக்கலாம் லீலா."

நல்ல பதில் ஒன்று என்னிடம் இருந்தது. வாய்தான் இல்லை. பதிலைக் கறியோடு சேர்த்து ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தேன். இடது இமை மெதுவாக இறங்கியது.

"பாருங்க," என்று அவள் எதிர்ப்பந்தியிலிருந்த செல்வராஜிடம் சொன்னாள், "பண்றதையும் பண்ணிட்டு கண்ணடிக்கிறா."